கதவின் மேல் போட்ட தண்டவாளம்

மார்ச் 2

மாப்பிள்ளை,

கடிதத்தைப் பார்த்ததும் பதற வேண்டாம், இங்கே எல்லோரும் சுகம். பாப்பா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். பேச்சுதான் குறைவு. முப்பத்துநாலு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட்டால் முறைக்கிறாள். அது எப்போதும் உள்ளதுதான்.

ஃபோனில் கூப்பிடாததற்குக் காரணம் உண்டு. "அவர்கிட்ட நீங்க பேசினா நான் வேற வீடு பாத்துக்கறேன்" என்று பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். கடிதம் எழுதுவது பேச்சில் சேராது என்பது என் கட்சி. தவிர, என் ஃபோனுக்கு வருகிற செய்தியை எல்லாம் உங்கள் அத்தைதான் முதலில் படிக்கிறாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற எனக்கு அந்தப் பொடி எழுத்து தெரிவதில்லை. பதிலைக் கடை முகவரிக்குப் போடுங்கள்.

அந்த விஷயத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. புருஷன் பெண்டாட்டி நடுவில் மூக்கை நுழைத்தால் என் மூக்குதான் உடையும். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "வீட்டுக்குள் ஓட்டுகிற சின்ன ரயிலுக்குப் பலகை வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள், உள்ளே வெற்றாக இருக்கிற அறைக்கதவு ஒன்று போதும், கனம் இருக்காது, வளையாது, அகலமும் ஒரு வட்டத்துக்குச் சரியாக வரும்" என்று சொன்னது நான்தான். கடையில் போய் ஒரு கதவு வாங்குவீர்கள் என்று நினைத்துச் சொன்னேன். பாப்பா வேலை செய்கிற அறையின் கதவையே கழற்றுவீர்கள் என்று கனவா கண்டேன்? யோசனை என்னுடையது என்பது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்களா?

இனி என் பிரச்சினை. கடைக்குப் பின்தெருவில் பழைய சாமான் விற்கிறவன் ஒரு பெட்டி நிறையச் சின்ன ரயில் தண்டவாளம் வைத்திருக்கிறான். யாரோ வீட்டைக் காலி செய்தபோது போட்டுவிட்டுப் போனதாம். புதுசு விலையில் கால்வாசிகூட இல்லை. பாதி மஞ்சளாக இருக்கிறது, பாதி வெள்ளையாக இருக்கிறது. "ரெண்டும் ஒண்ணுதான் சார், துடைச்சா சரியாயிடும்" என்கிறான். எதைக் கேட்டாலும் துடைத்தால் சரியாகிவிடும் என்கிற ஆள் அவன். மாடியறை மேசையில் இரண்டு வருஷமாக எனக்கு ஒரே வட்டம்தான் ஓடுகிறது. இன்னொரு சுற்றும் ஒரு ஸ்டேஷனும் போட ஆசை. இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் நீங்கள், வழியும் நீங்களே சொல்லுங்கள். எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது? தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கார்க் பட்டைக்குப் பொம்மைக் கடையில் சொல்லும் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. அதற்கும் ஏதாவது மலிவு வழி இருக்கிறதா?

உங்கள் மாமா


மார்ச் 9

மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் தண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சளாக இருப்பது பித்தளை. மலிவுதான், ஆனால் சீக்கிரம் கறுக்கும், கறுத்த இடத்தில் மின்சாரம் ஏறாது. வாரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து தேய்க்கத் தயார் என்றால் வாங்குங்கள். வெள்ளையில் இரண்டு வகை வரும். போகும்போது ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டினால் இரும்பு, துருப்பிடிக்கும். ஒட்டாவிட்டால் நிக்கல் கலந்தது. அதைத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பாருங்கள். எங்கள் லிஃப்ட் வேலையில், அது ஏறி இறங்கும் வழிக்கம்பியை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம், எந்த நெளிவும் தப்பாது. இணைப்புத் தகடுகளை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய தகடு தளர்ந்திருக்கும், ரயில் நடுவழியில் நின்றுவிடும்.

கார்க்குக்குப் பொம்மைக் கடைப் பக்கமே போக வேண்டாம். மரத்தரை போட்டுத் தருகிற கடையில், பலகைக்கு அடியில் விரிக்கும் மெல்லிய கார்க் சுருளில் எப்போதும் மிச்சம் இருக்கும். அதைப் பட்டையாக நறுக்கி, பட்டையை நீளவாக்கில் இரண்டாகக் கீறுங்கள். மேசையில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று ஒட்டினால் வளைவில் சொன்னபடி வளையும். வெள்ளைப் பசை போதும், மெல்லியதாகத் தடவ வேண்டும்.

நீங்கள் எழுத மாட்டேன் என்று எழுதிய விஷயம். யோசனை உங்களுடையது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றியது என் கை.

அன்று அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து, "கதவு எங்க?" என்றாள். பத்து நாளில் புதுக்கதவு வந்துவிடும் என்றேன். அவள் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். டாக்டருக்கும் வேறு மொழி பேசும் நோயாளிக்கும் நடுவில் ஃபோனில் உட்கார்ந்து, அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்வாள். மூடிய அறையில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்பது மருத்துவமனை விதி. திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. அவள் பேச்சில் இருக்கிறாள் என்று தெரியாமல் கூடத்தில் துளையிடும் மெஷினை ஓட்டினேன். அந்தப் பக்கம் டாக்டருக்குக் கேட்டுவிட்டது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்களாம். மறுநாள் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

புதுக்கதவு இன்னும் வரவில்லை. எங்கள் வாசல்சட்டம் வழக்கமான அளவில் இல்லை என்று தச்சர் சொல்கிறார்.

அவள் என்னைப் பற்றி ஏதாவது கேட்டால் எழுதுங்கள். கேட்காவிட்டாலும் பரவாயில்லை.


மார்ச் 15

மாப்பிள்ளை,

கேட்கவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

காந்தமும் கையுமாகப் போனேன். பழைய சாமான்காரன் என்னை ஏதோ அரசாங்க அதிகாரி என்று நினைத்து நாற்காலி போட்டான். இரும்பைத் தள்ளி, பித்தளையைத் தள்ளி, ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, நல்லதாக ஒரு கட்டுத் தேற்றினேன். வீட்டுக்கு வந்து இரண்டு துண்டைச் சேர்த்தால் சேரவில்லை. ஒன்று உயரம், ஒன்று குட்டை. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். ரயில் அந்த இடத்தில் படியேறுகிற கிழவன் மாதிரி ஒரு குதி குதித்துக் கவிழ்கிறது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

கார்க் நீங்கள் சொன்னபடியே கிடைத்தது. தரைக்கடைக்காரர் மிச்சச் சுருளைச் சும்மா தள்ளிவிட்டார். மூன்று ரயில்வேக்குக் காணும்.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். பாப்பாவுக்கு வேறொரு மருத்துவமனையில் அதே வேலை கிடைத்திருக்கிறது. அதற்கும் கதவு சாத்திய அறை வேண்டுமாம். எங்கள் வீட்டைத்தான் பார்த்திருக்கிறீர்களே. கூடத்துக்குக் கதவு இல்லை, எங்கள் அறைக்குத் திரைச்சீலை, அவள் படுக்கும் அறைக் கதவு மழைக்கு உப்பி மூடாமல் போய் வருஷக்கணக்காகிறது. ஒழுங்காகச் சாத்துகிற கதவு ஒன்றே ஒன்று, என் மாடியறையில். "காலையில மட்டும்ப்பா" என்றாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? கட்டுத் தண்டவாளம் வாங்கி வைத்துக்கொண்டு என் அறைக்குள் நுழைய முடியாமல் நிற்கிறேன். சாப்பாட்டு மேசையில் கார்க் நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து உங்கள் அத்தை, "மாப்பிள்ளைக்குக் கதவு, உங்களுக்கு மேசை. கட்டில் மிச்சம் இருக்கு, அதையும் பாத்து வச்சுக்குங்க" என்கிறாள்.

என் சுயநலம் எதில் இருக்கிறது என்று புரிகிறதா? சீக்கிரம் அந்தக் கதவை மாட்டி அவளை அழைத்துக்கொண்டு போங்கள். என் அறை எனக்கு வேண்டும்.


மார்ச் 22

மாமா அவர்களுக்கு,

உயர வித்தியாசத்தைச் சொல்ல மறந்தது என் தவறு. ஒரு இணைப்புத் தகட்டை உயரமான தண்டவாளத்தில் பாதி தூரம் செருகுங்கள். வெளியே நீட்டும் மீதிப் பாதியை இடுக்கியால் தட்டையாக நசுக்குங்கள். குட்டைத் தண்டவாளத்தை அதன்மேல் உட்கார வைத்துச் சூட்டுக்கோலால் ஈயம் உருக்கிப் பற்றவையுங்கள். மேல்மட்டம் ஒன்றாகிவிடும். உயரமானதை எல்லாம் ஒரு சுற்றுக்கும் குட்டையை எல்லாம் இன்னொரு சுற்றுக்கும் வைத்துக்கொண்டால் இரண்டு சுற்றும் சேரும் ஒரே இடத்தில் பற்றவைத்தால் போதும்.

அவளுக்கு வேலை கிடைத்தது நல்ல செய்தி.

அவள் மேலே பேசும்போதே நீங்கள் கீழே சாப்பாட்டு மேசையில் ரயில் ஓட்டலாமா என்று யோசித்தேன். சத்தம் சக்கரத்தில் பிறந்தாலும் அதைப் பெரிதாக்குவது மேசைதான். தண்டவாளத்தை நேராக மரத்தில் அறைந்தால் மேசை முழுவதும் அதிரும். கார்க் போட்டால் பாதி குறையும். கார்க்கையும் ஆணி இல்லாமல், காய்ந்தாலும் ரப்பர் போல மெத்தென்று இருக்கும் பசையால் ஒட்டினால் இன்னும் குறையும். கல்லாக இறுகும் பசை சத்தத்தை அப்படியே கீழே கடத்திவிடும். இதோடு ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன். ரயிலை மெதுவாக விட்டால் அவளுக்குத் தொந்தரவே இருக்காது.

இங்கே புதுக்கதவு வந்து மாட்டியாகிவிட்டது. முதலில் தரையில் இடித்தது. அடியை இழைத்தேன். இப்போது நன்றாகச் சாத்துகிறது. கதவு மாட்டியாகிவிட்டது என்று அவளிடம் சொல்லுங்கள்.


மார்ச் 29

மாப்பிள்ளை,

சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்பாள், கடிதப் போக்குவரத்து அம்பலமாகும் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவள் கேட்கவே இல்லை. "சந்தோஷம்" என்றாள். தண்ணீர்க் கூஜாவை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னாள். அவ்வளவுதான்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கதவுக்காக அவர்மேல் மட்டும் கோபப்படாதே, அந்த யோசனை என்னுடையது என்று உளறிவிட்டேன்.

"தெரியும்ப்பா. அவருக்கு அந்த மாதிரி யோசனையெல்லாம் வராது. கழட்டத்தான் தெரியும்" என்றாள்.

நான் சிரித்தேன். உங்கள் அத்தையும் சிரித்தாள். பாப்பா சிரிக்கவில்லை.

"கதவப் போட்டாச்சுன்னா நான் போயிடணுமா? கதவுக்காகவா வந்தேன்? கழட்டின அன்னிக்கு ராத்திரி நீங்க ரெண்டு பேரும் ஃபோன்ல வளைவு எவ்வளவு வரும், ஸ்டேஷன் எங்க வரும்னு பேசிட்டிருந்தீங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். திங்கக்கெழம காலையில இவ எங்க உக்காந்து பேசுவான்னு ஒருத்தர் வாயிலயாவது வந்துதா? அவர் கேக்கல. நீங்களும் கேக்கல."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உங்கள் அத்தையும் பின்னால் போனாள். போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த ராத்திரி நாம் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்தோஷமாகப் பேசினோம். அந்தக் கதவு எங்கிருந்து வந்தது என்றோ, பக்கத்தில் பாப்பா இருக்கிறாளா என்றோகூட நான் விசாரிக்கவில்லை. பெற்ற அப்பன் நான். எனக்கு அது ரொம்ப வலிக்கிறது, மாப்பிள்ளை.


ஏப்ரல் 6

மாமா,

நீங்கள் ஏன் சொன்னீர்கள்? நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்ததற்கு என்ன பலன்? பழி என்மேல் மட்டும் இருந்திருந்தால் உங்கள் வீட்டிலாவது அவளுக்கு நிம்மதி இருந்திருக்கும்.

கேட்கவில்லை என்கிறாள். பத்து நாளில் கதவு வரும் என்று சொன்னேனே, அது அவளுக்காகச் சொன்னதில்லையா? திங்கட்கிழமை விடுமுறை எடுத்ததே அந்த வேலையைச் சீக்கிரம் முடித்துக் கூடத்தை ஒதுக்கித் தரத்தான். இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மேலே உள்ளதை எழுதிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். திரும்பப் படித்தால் எனக்கே நியாயமாகப் படவில்லை. கிழிக்காமல் அனுப்புகிறேன். என் லட்சணம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரிக்குப் பிறகு புதுக்கதவின் கீல், பூட்டு என்று போய்விட்டது. தூக்கிப் போட்டுவிட்டேன். உங்களுக்கு எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நடுவில் தண்டவாளம் இருக்கிறது.

இங்கே ரயில் வேலையை நிறுத்திவிட்டேன்.


ஏப்ரல் 12

மாப்பிள்ளை,

இதை நிதானமாகப் படியுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது.

வியாழக்கிழமை காலை இணைப்புத் தகட்டு டப்பாவை எடுக்க மாடிக்குப் போனேன். அவள் வேலை நேரம் என்பது நினைவில்லை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாப்பாவின் குரல். "எனக்குப் பயமா இருக்கு. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்கிறாள். அதற்கு மேலும் சொன்னாள். அதை எழுத மாட்டேன்.

அவர் என்றால் நீங்கள் என்றுதானே நினைப்பேன்? கீழே வந்து உங்கள் அத்தையிடம் சொன்னேன். இரண்டு பேரும் மாடிப்படிக்குக் கீழே காத்திருந்தோம். பாப்பா இறங்கி வந்ததும், உடம்புக்கு என்னம்மா என்று அத்தை போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "அது நான் இல்லம்மா. அந்தம்மா சொன்னது. அவங்க சொல்றத அப்படியே நான் சொல்ற மாதிரிதான் சொல்லணும், அதான் வேலை" என்றாள். எங்களுக்கு உயிர் வந்தது. அவள் முகம்தான் மாறிப்போனது. என்னிடம் திரும்பி, "அவ்வளவும் கேட்டுச்சா? வார்த்த வார்த்தையா கேட்டுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன்.

யாரோ ஒரு பெண் புருஷனிடம்கூடச் சொல்லாததை என் மகளை நம்பிச் சொல்கிறாள். அதைக் கண்ணாடிக்கடைக்காரன் ஒருவன் தகட்டு டப்பா தேட வந்த இடத்தில் நின்று கேட்டிருக்கிறான். கதவு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சாத்துகிற கதவு என்று பெருமையாகச் சொன்னேனே, அது வெறும் தட்டி. இப்போது பாப்பா தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பேசுகிறாள். வெளியே வரும்போது முடியெல்லாம் வியர்வையில் ஒட்டிக்கிடக்கிறது.

என்னிடம் கார்க் இருக்கிறது. கதவில் ஒட்டினால் சத்தம் நிற்கும் என்று உங்கள் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சுருளைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு முன்னால் போய் நின்றேன். ஒட்ட மனம் வரவில்லை. ஒட்டிவிட்டால் அந்த அறை அவளுடையது. அப்புறம் அவள் ஏன் உங்களிடம் வர வேண்டும்? உங்களைக் கேட்காமல் செய்தால், நானே உங்கள் இருவரையும் பிரித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஒட்டட்டுமா?


ஏப்ரல் 16

மாமா,

ஒட்டுங்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே ஒட்டுங்கள். அவள் போர்வைக்குள் உட்கார்ந்து பேசக்கூடாது.

கார்க் மட்டும் போதாது. சத்தம் பலகை வழியாக வருவதைவிட இடுக்கு வழியாகத்தான் அதிகம் வரும். முதலில் அறைக்குள் விளக்கைப் போட்டு, வெளியே இருட்டாக்கிக்கொண்டு கதவைச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் சத்தமும் வரும். வாசல்சட்டத்தில் கதவு வந்து முட்டும் மூன்று பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். நான் அனுப்பியிருக்கிறேன், லிஃப்ட் வேலையில் மிஞ்சியது. சுருட்டாமல் எடுத்து வையுங்கள். அடியில் இடைவெளி இருந்தால் கதவின் கீழ்விளிம்பில் தரையைத் தொடும்படி தடித்த துணிப்பட்டை அறையுங்கள்.

பிறகு கார்க்கை உள்பக்கம் முழுவதும் இரண்டு அடுக்காக ஒட்ட வேண்டும். முதல் அடுக்கின் மூட்டுமேல் இரண்டாவதின் மூட்டு வரக்கூடாது. மெத்தென்று காயும் பசைதான். கடைசியில் அதன்மேல் ஒரு மெல்லிய பலகை. பலகையை ஸ்க்ரூவால் முறுக்காமல் அதே பசையால் ஒட்டுங்கள். கதவு கனமாகிவிடும், மூன்றாவது கீல் ஒன்று நடுவில் போடுங்கள். போடாவிட்டால் தொங்கி மறுபடி இடுக்கு விழும்.

நீங்கள் கேட்டதற்கு முன் என் புதுக்கதவை நான் சோதித்ததே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உள்ளே ரேடியோவை வைத்துச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். செய்தி முழுவதும் கேட்டது. விலை மலிவு என்று நானும் உள்ளே வெற்றான கதவைத்தான் வாங்கியிருக்கிறேன். இதையா மாட்டியாகிவிட்டது, அவளிடம் சொல்லுங்கள் என்று எழுதினேன் என்று வெட்கமாக இருக்கிறது. ரயிலுக்காகக் கழற்றிய பழைய கதவின்மேல் ஒட்டியிருந்த கார்க்கை எல்லாம் உரித்துக்கொண்டிருக்கிறேன். அதை வைத்து இந்தப் புதுக்கதவையும் சரிசெய்துவிடுவேன். அவள் வர வேண்டும் என்பதற்காக இல்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

அவள் வரவேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. அது வேறு.


ஏப்ரல் 25

மாப்பிள்ளை,

ஒட்டியாயிற்று. நானும் உங்கள் அத்தையும் சேர்ந்து ஒட்டினோம். அவள் பசை தடவினாள், நான் அழுத்தினேன். முப்பத்தேழு வருஷக் குடித்தனத்தில் நாங்கள் சண்டையில்லாமல் முடித்த முதல் வேலை. கார்க் மொத்தமும் காலி. என் ரயில் வெறும் மரத்தில் கடகடவென்று ஓடுகிறது, அதுவும் அவள் வேலை முடிந்த பிறகுதான்.

பாப்பா சாயங்காலம் வந்து கதவைத் தொட்டுப் பார்த்தாள். சாத்தினாள், திறந்தாள், இன்னொரு தரம் சாத்தினாள். "மூணாவது கீல் போடணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். மாட்டிக்கொண்டேன். உங்கள் அத்தை வாயைத் திறந்து, "அவருக்கு எங்க தெரியும், எல்லாம் மாப்பிள்ளை எழுதினபடிதான்" என்று போட்டு உடைத்துவிட்டாள். கடை முகவரிக்குக் கடிதம் வருவது அவளுக்கு முதல் வாரத்திலிருந்தே தெரியுமாம். கடைப் பையன் சொல்லியிருக்கிறான். இந்த வீட்டில் எனக்கு என்று ஒரு ரகசியம் தங்காது.

பாப்பா கோபப்படுவாள் என்று பார்த்தேன். அந்த நடுக்கீலை விரலால் தடவிப் பார்த்தாள். "இங்க ஒட்டச் சொன்னாரா? அவரேவா?" என்றாள். ஆமாம் என்றேன். "வரச் சொல்லுங்கன்னு எழுதலியா?" இல்லை என்றேன். நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதை நான் சொல்லவில்லை. ஆசை இருக்கிறது என்று எழுதியதை மட்டும் சொன்னேன், அதைச் சொல்லக்கூடாது என்று நீங்கள் குறிப்பிடவில்லை.

சனிக்கிழமை அங்கே வருகிறாள். அவளுடைய சாமான் சிலது எடுக்க வேண்டுமாம். நான் ஏதும் கேட்கவில்லை. நீங்களும் வீட்டைப் பெருக்கி வையுங்கள், வேறெதுவும் செய்துவிடாதீர்கள்.


ஏப்ரல் 30

மாமா,

அவளுடைய இரண்டு பெட்டிகளையும் அனுப்பிவையுங்கள். ஹெட்ஃபோன் மாடியறை மேசையில் இருக்கிறதாம், அதைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். உங்கள் அறை உங்களுக்கு வந்துவிட்டது. கதவில் இருக்கும் கார்க்கை மட்டும் உரிக்க வேண்டாம் என்கிறாள். அங்கே வந்து தங்கும்போது வேலைக்கு வேண்டும்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அத்தை ஃபோன் செய்து கேட்பார்கள், எனக்குச் சொல்ல வராது.

மத்தியானம் வந்தாள். கூடத்தில் ரயில் இல்லாததைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நேராக அறைக்குப் போய், நான் கார்க் ஒட்டி முடித்திருந்த கதவைச் சுற்றிப் பார்த்தாள். "உள்ள போய் உக்காந்து பேசுங்க. நான் வெளிய நின்னு கேக்கறேன்" என்றாள். என்ன பேசுவது என்றேன். "எதையாவது பேசுங்க. ஃபோன்ல பேசற சத்தத்துல பேசணும், கத்தக்கூடாது."

உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன். அவளுடைய மேசையும் நாற்காலியும் அப்படியே இருந்தன. பசை டப்பாவில் அச்சடித்திருந்ததை முதலில் படித்தேன். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்பதோடு அது முடிந்துவிட்டது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. சும்மா இருக்க முடியாதே என்று ஆரம்பித்தேன். அவளைக் கேட்காமல் கதவைக் கழற்றியதிலிருந்து ஆரம்பித்தேன். எங்கே உட்கார்ந்து பேசுவாய் என்று நான் கேட்காததைச் சொன்னேன். அவள் போன பிறகு, கதவு வேலைக்குத் தவிர, இந்த அறைக்குள் நான் ஒரு நாள்கூட வராததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். இன்னும் சில உண்டு, அவை உங்களுக்கு வேண்டாம். அவளுக்கு எழுத உட்கார்ந்தபோது வராததெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசும்போது வந்தது. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில்தான் அவ்வளவும் பேசினேன்.

எல்லாம் சொல்லி முடித்துக் கதவைத் திறந்தேன். தரையில் உட்கார்ந்து கதவோடு காதை வைத்திருந்தாள். எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"ஒரு வார்த்தகூட கேக்கல. நல்லா பண்ணியிருக்கீங்க" என்றாள்.

வேலை சரியாக வந்திருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"இவ்வளவு நேரம் என்னதான் பேசினீங்க?" என்று கேட்டாள். பசை டப்பாவைப் படித்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. கதவை அகலத் திறந்து, ஆடாமல் இருக்க நாற்காலியை அண்டக்கொடுத்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன்.